கரி முகமும் முன்படுதாவும்: அமெரிக்க மியூசிகல் எங்கிருந்து வந்தது?

1866 செப்டம்பர் 12 அன்று இரவு, நியூயார்க்கில் பிராட்வேயும் பிரின்ஸ் தெருவும் சந்திக்கும் இடத்தில் இருந்த நிப்லோஸ் கார்டன் அரங்கில், எட்டு மணிக்குக் கொஞ்சம் முன்னால் திரை ஏறியது. கடைசியாக அது இறங்கியபோது நள்ளிரவு தாண்டி மணி ஒன்றுக்கு மேல் ஆகியிருந்தது. நாடகத்தின் பெயர் ‘தி பிளாக் குரூக்’. பாட்டும் ஆட்டமும் கதையும் சேர்ந்த நாடகமான அமெரிக்க மியூசிகல் பிறந்த ராத்திரி அதுதான் என்று பல புத்தகங்களில் போட்டிருக்கும்.

அந்தப் பிறப்புக் கதை கேட்க நன்றாகவே இருக்கும். ஜாரெட், பால்மர் என்று இரண்டு ஏற்பாட்டாளர்கள் ஐரோப்பாவிலிருந்து ஒரு பாலே குழுவையும் அதற்கான காட்சி ஜோடனைகளையும் வரவழைத்தார்கள். குழு ஆடவிருந்த அகாடமி ஆஃப் மியூசிக் அரங்கம் அந்த மே மாதம் தீப்பிடித்து எரிந்துபோனது. ஆடுகிறவர்கள் இருக்கிறார்கள், ஜோடனை இருக்கிறது, மேடை இல்லை. நிப்லோஸை நடத்திய வில்லியம் வீட்லியிடம் மேடை இருந்தது, சார்லஸ் பராஸ் எழுதிக் கொடுத்த சுமாரான ஒரு மந்திரவாதி நாடகமும் இருந்தது. இரண்டையும் முடிச்சுப் போட்டுவிட்டார்கள். வருஷத்துக்கு ஓர் ஆன்மாவைப் பிடித்துக் கொடுத்தால் தானும் ஒரு வருஷம் கூடுதலாக உயிரோடு இருக்கலாம் என்று சாத்தானிடம் ஒப்பந்தம் போட்ட ஒரு கூனனின் கதை அது. நடுநடுவே, தோல் நிறத்தில் காலோடு ஒட்டிய உடுப்புப் போட்ட பெண்கள் வரிசையாக வந்து ஆடிவிட்டுப் போவார்கள். கதைக்கும் ஆட்டத்துக்கும் என்ன சம்பந்தம் என்று யாரும் கேட்கவில்லை. பாதிரியார்கள் திட்டினார்கள், திட்டத் திட்ட டிக்கெட் விற்றது. 474 காட்சிகள், பத்து லட்சம் டாலருக்கு மேல் வசூல். ஒரு நாடகம் நாலைந்து வாரம் ஓடினாலே ஊர் பேசிய காலம் அது.

எனக்கு இந்தக் கதையில் ஒரு மனத்தாங்கல் உண்டு. பிறந்த தேதியை 1866 என்று எழுதினால், வீட்டின் மூத்த பிள்ளையைப் பின்கட்டில் ஒளித்துவைத்த மாதிரி ஆகிவிடுகிறது. அந்த மூத்த பிள்ளைக்கு அப்போதே இருபத்து மூன்று வயது. முகம் முழுக்கக் கரி.

1830-களில் தாமஸ் டார்ட்மவுத் ரைஸ் என்ற வெள்ளைக்கார நடிகர் முகத்தில் கரி பூசி, கந்தல் உடுத்தி, உடம்பை ஒரு பக்கமாகக் கோணிக் குதித்து, ‘ஜிம் குரோ’ என்ற கறுப்பின ஆளாக ஆடிப் பாடிப் பெரும்புகழ் அடைந்தார். பிற்காலத்தில் தென் மாநிலங்களில் கறுப்பின மக்களைப் பள்ளியிலும் ரயிலிலும் தனியே ஒதுக்கிவைத்த சட்டங்களுக்கு அந்தக் கோமாளியின் பெயரே நிலைத்துவிட்டது. மேடைக் கேலி எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

ரைஸ் தனி ஆள். குழுவாகச் சேர்ந்தது 1843-ல். 1837-ல் தொடங்கிய பொருளாதார நெருக்கடியில் நாடகக் கொட்டகைகள் காற்று வாங்கிக்கொண்டிருந்தன. சர்க்கஸிலும் அங்கே இங்கேயுமாகக் கரி முகத்தோடு துண்டு ஆட்டம் ஆடிப் பிழைத்துவந்த நாலு பேர் நியூயார்க்கில் ஒன்றுசேர்ந்து ‘வர்ஜீனியா மின்ஸ்ட்ரல்ஸ்’ என்று பெயர் வைத்துக்கொண்டார்கள். டான் எம்மெட் கையில் ஃபிடில், பில்லி விட்லாக் கையில் பாஞ்சோ, டிக் பெல்ஹாம் கையில் கஞ்சிரா மாதிரியான டாம்பரின். நாலாவது ஆளான ஃபிராங்க் பிரௌவர் காய்ந்த எலும்புத் துண்டுகளை விரலிடுக்கில் வைத்துத் தட்டித் தாளம் போட்டார். முகத்துக்குப் பாட்டில் தக்கையைச் சுட்டு, பொடித்து, தண்ணீரில் குழைத்து அப்புவார்கள். இதுதான் மின்ஸ்ட்ரல் ஷோ. அடுத்த சில பத்தாண்டுகளுக்கு அமெரிக்காவில் இதை மிஞ்சிய பொழுதுபோக்கு கிடையாது.

இதன் அமைப்பைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் பின்னால் வரப்போவதில் பாதி இங்கேயே இருக்கிறது.

முதல் பகுதியில் நாற்காலிகளை அரைவட்டமாகப் போட்டு எல்லோரும் உட்காருவார்கள். நடுவில் கனமான ஆங்கிலம் பேசும் ஒருவர், பட்டிமன்ற நடுவர் மாதிரி. இரண்டு ஓரத்திலும் இரண்டு கோமாளிகள்: டாம்பரின் வைத்திருப்பவர் டாம்போ, எலும்பு வைத்திருப்பவர் போன்ஸ். நடுவர் பெரிய வார்த்தையில் ஒன்று கேட்பார், ஓரத்து ஆள் அதைக் கோணலாகப் புரிந்துகொண்டு பதில் சொல்வார், சபை சிரிக்கும், உடனே ஒரு பாட்டு. ஒருவர் முகத்தை இறுக்கமாக வைத்துக் கேள்வி கேட்பது, இன்னொருவர் சிரிப்பு வாங்குவது என்ற ஜோடிக் கணக்கு அமெரிக்க மேடையில் ஊன்றியது இந்த நாற்காலி வரிசையில்தான்.

இரண்டாம் பகுதியில் ஓவியம் தீட்டிய ஒரு படுதாவை முன்னால் இறக்கிவிடுவார்கள். அதற்கு முன்னால் தனிப் பாட்டு, ஆட்டம், பெண் வேஷம், அர்த்தமில்லாத மேடைப் பிரசங்கம் என்று துண்டு துண்டாகப் போகும். படுதாவுக்குப் பின்னால் ஆட்கள் சத்தமில்லாமல் அடுத்த காட்சிக்கு மேடை ஜோடித்துக்கொண்டிருப்பார்கள். மூன்றாம் பகுதி ஒரு குறுநாடகம். அடிமைகள் உழைத்த தோட்டங்களின் வாழ்க்கையைப் பற்றியதாக இருக்கும், இல்லாவிட்டால் ஷேக்ஸ்பியரையோ ஓபராவையோ கிண்டலடிக்கும். நிகழ்ச்சியில் ஓரிடத்தில் எல்லோரும் எழுந்து சுற்றிவந்து பாடி ஆடுவார்கள். அப்படிச் சுற்றிவரும்போது பாடுவதற்கென்று டான் எம்மெட் 1859-ல் நியூயார்க் குழு ஒன்றுக்கு எழுதிக் கொடுத்த பாட்டுதான் ‘டிக்ஸி’. ஒஹையோக்காரர் நியூயார்க் மேடைக்கு எழுதிய பாட்டு, இரண்டு வருஷத்தில் அடிமை முறையைக் காக்கப் போருக்குப் போன அமெரிக்கத் தென் மாநிலப் படையின் கீதமாகிவிட்டது.

சரி, இவர்கள் மேடையில் ஆடியது யாருடைய ஆட்டம்? நியூயார்க்கின் ஃபைவ் பாயிண்ட்ஸ் சேரிப் பகுதியில் ஐரிஷ் குடியேறிகளும் சுதந்திரமான கறுப்பின மக்களும் அடுத்தடுத்த வீடுகளில் இருந்தார்கள். ஐரிஷ்காரர்களின் ஜிக் ஆட்டத்தில் காலடி வேகம். ஆப்பிரிக்க வழி ஜூபா ஆட்டத்தில் தாளம் முன்னும் பின்னும் தள்ளி விழும். இரண்டும் கலந்த கால் வில்லியம் ஹென்றி லேன் என்ற கறுப்பின இளைஞருடையது. மேடைப் பெயர் மாஸ்டர் ஜூபா. சார்லஸ் டிக்கன்ஸ் 1842-ல் அந்தப் பகுதியின் நடனக்கூடம் ஒன்றில் ஓர் ஆட்டக்காரரைப் பார்த்து வியந்து எழுதியிருக்கிறார். அது லேன்தான் என்பது பொதுவான நம்பிக்கை. காலணியால் தரையைத் தட்டித் தாளம் போடும் டாப் நடனத்தின் முன்னோடி என்று இன்று அவரைச் சொல்கிறார்கள். பெரும்பாலான மற்றவர்களின் பெயர் எங்கும் இல்லை. அடிமை முறையிலிருந்து தப்பி வந்து பத்திரிகை நடத்திய ஃபிரெடெரிக் டக்ளஸ், 1848-ல் இந்தக் கரி முகக்காரர்களை வெள்ளைச் சமூகத்தின் அழுக்கு நுரை என்றே எழுதினார். இயற்கை தங்களுக்குக் கொடுக்காத நிறத்தை எங்களிடமிருந்து திருடிக் காசு பார்க்கிறார்கள் என்பது அவருடைய குற்றச்சாட்டு.

உள்நாட்டுப் போருக்குப் பிறகு கறுப்பினக் கலைஞர்களே மின்ஸ்ட்ரல் குழு தொடங்கினார்கள். மேடை ஏற அவர்களுக்குத் திறந்திருந்த கதவு கிட்டத்தட்ட அது ஒன்றுதான். உள்ளே போக வேண்டுமானால் அவர்களில் பலரும் தங்கள் சொந்த முகத்தின் மேல் கரி பூசிக்கொள்ள வேண்டியிருந்தது.

இதற்கிடையில் 1868-ல் லிடியா தாம்ப்சன் தன் ‘பிரிட்டிஷ் பிளாண்ட்ஸ்’ குழுவோடு லண்டனிலிருந்து வந்திறங்கினார். அவர்கள் போட்டது பர்லெஸ்க். அப்போது அந்தச் சொல்லுக்கு ஆடை அவிழ்ப்பு என்று அர்த்தமில்லை. புராணத்தையும் பெரிய நாடகத்தையும் கேலி செய்யும் பாட்டு நாடகம். பெண்கள் ஆண் வேஷம் கட்டி, கால் தெரியும் உடுப்பில் வந்து, சபையைப் பார்த்து அன்றைய அரசியலை நக்கலடித்தார்கள். காலைவிட அந்த வாய்தான் பல பேருக்கு உறுத்தியது என்று நினைக்கிறேன். பின்னாளில் வாய் போய்க் கால் மட்டும் மிஞ்சியது. அது வேறு கதை.

இனி வாட்வில், அதாவது ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத அயிட்டங்களைக் கோத்த பல்சுவை நிகழ்ச்சி. இதன் பழைய பெயர் வெரைட்டி, இருப்பிடம் சாராயக் கடையின் பின்னறை. பாட்டும் ஆட்டமும் கூட்டத்தை இழுக்க, சம்பாத்தியம் கண்ணாடிக் கோப்பையில். 1862-ல் நியூயார்க் மாநிலம் கேளிக்கை இடங்களில் மது விற்பதற்கும் பெண்கள் பரிமாறுவதற்கும் எதிராகச் சட்டம் போட்டது. கோப்பையை நம்பிப் பிழைக்க முடியாது என்றானபோது, டிக்கெட்டை நம்பித்தானே பிழைக்க வேண்டும்? அரங்கு நடத்திய டோனி பாஸ்டர் கணக்குப் போட்டுப் பார்த்தார். ஆண்கள் மட்டும் வந்தால் பாதி ஊர்தான் வருகிறது. மனைவியும் பிள்ளைகளும் வந்தால் முழு ஊரும் வரும். 1881 அக்டோபரில் 14-ஆம் தெருவில் அவர் திறந்த அரங்கில் குடி கிடையாது, கெட்ட வார்த்தை கிடையாது. பெண்களை வரவழைக்க மாவு மூட்டை, உடைத் துணி என்று பரிசு கொடுத்தவர் அவர்.

பாஸ்டன்காரர் பி.எஃப். கீத் அதையே தொழிற்சாலையாக்கினார். 1885-லிருந்து காலை முதல் இரவு வரை நிறுத்தாமல் நிகழ்ச்சி. எப்போது வேண்டுமானாலும் உள்ளே வரலாம். மேடைக்குப் பின்னால் ஓர் அறிவிப்பு தொங்கும்: ‘ஸ்லாப்’ (அழுக்கன்), ‘சன் ஆஃப் எ கன்’ (போக்கிரி) போன்ற சொற்களைச் சொன்னால் வேலை போய்விடும். இன்று குழந்தைகள்கூடக் கூசாமல் சொல்லும் வார்த்தைகள் அவை. கலைஞர்கள் கீத்தின் அரங்குகளுக்குக் கேலியாக வைத்த பெயர் ‘ஞாயிற்றுக்கிழமைப் பள்ளி’. 1906-ல் கீத்தும் அவருடைய வலது கையான ஆல்பியும் கலைஞர்களை அமர்த்தும் ஒரே பதிவு அலுவலகத்தின் வழியாக ஏராளமான அரங்குகளை இணைத்துவிட்டார்கள். வேலை வாங்கித் தருவதும் அவர்களே, வேலை கொடுப்பதும் அவர்களே, அதில் ஐந்து சதவீதம் கமிஷன் பிடிப்பதும் அவர்களே.

ஒரு வாட்வில் இரவின் வரிசை எப்படி இருந்தது என்று பார்த்தால் மியூசிகலின் எலும்புக்கூடு தெரியும். பெரிய அரங்குகளில் ஒன்பது அயிட்டம். முதலில் பேச்சே இல்லாத ஒன்று: கரணம் போடுகிறவர்கள், சைக்கிள் ஓட்டுகிறவர்கள், நாய்கள். ஜனங்கள் அப்போதுதான் இருக்கை தேடிக்கொண்டு, தொப்பியைக் கழற்றிக்கொண்டு இருப்பார்கள். யார் காதிலும் எதுவும் விழாது. இரண்டாவது ஒரு ஜோடிப் பாட்டு. மூன்றாவது குறுநாடகம். இடைவேளைக்குச் சற்று முன்னால் பெரிய அயிட்டம், வெளியே போனவர்கள் பேசிக்கொண்டே திரும்பி வர வேண்டும் என்பதற்காக. நட்சத்திரம் வருவது கடைசிக்கு முந்தின இடத்தில். கடைசி இடம் மறுபடி ஊமை அயிட்டம்தான், ஏனென்றால் பாதிப் பேர் எழுந்து போய்க்கொண்டிருப்பார்கள். அந்த இடம் கிடைத்தவர்கள் ‘பிடரி முடியைப் பார்த்து ஆடுகிறோம்’ என்று நொந்துகொள்வார்களாம்.

மேடையின் ஆழத்துக்கும் எண் உண்டு. முன்படுதாவுக்கு முன்னால் இருக்கும் சில அடி இடத்தின் பெயர் ‘ஒன்று’. அதற்குப் பின்னால் இரண்டு, மூன்று, கடைசியில் முழு மேடை. ஜோடனை தேவைப்படும் குறுநாடகத்தையும் யானையையும் முழு மேடையில் வைப்பார்கள். அவை முடிந்ததும் படுதா இறங்கும், ‘ஒன்றில்’ இரண்டு ஆள் வந்து வம்பளந்து ஒரு பாட்டுப் பாடுவார்கள், பின்னால் யானை வெளியேறும், பியானோ உள்ளே வரும். மின்ஸ்ட்ரல் ஷோவின் நடுப் பகுதியில் பார்த்த அதே தந்திரம். நியூயார்க்கின் நாடக வீதியான பிராட்வேயில் 1940, 50-களில் வந்த பெரிய மியூசிகல்களை எடுத்துக்கொள்ளுங்கள்: நாயகனும் நாயகியும் உருகி முடித்த உடனே திரை மூடும், துணைக் கோமாளி ஜோடி முன்னால் வந்து ஒரு பாட்டை வீசும், திரை திறந்தால் வேறு ஊர். கதாசிரியர் வெகு யோசித்து அமைத்த ஏற்ற இறக்கம் மாதிரித் தெரியும். அடியில் இருப்பது மேடைத் தொழிலாளிகளுக்குத் தேவைப்பட்ட மூன்று நிமிஷம். கடைசிக் காட்சிக்குச் சற்று முன்னால் நட்சத்திரம் தனியாக நின்று அரங்கையே அதிரவைக்கும் பாட்டை ‘பதினொரு மணிப் பாட்டு’ என்பார்கள். அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் கடைசிக்கு முந்தின இடம்தான் ஞாபகம் வரும்.

அப்புறம் நடிகரும் நாடகாசிரியருமான எட்வர்ட் ஹாரிகன். 1873-ல் அவரும் டோனி ஹார்ட்டும் ‘மல்லிகன் கார்ட்’ என்று ஒரு துண்டு ஆட்டம் போட்டார்கள்: சீருடை மாட்டிக்கொண்டு தெருவில் அணிவகுத்து, கடைசியில் குடித்து விழும் ஐரிஷ் குடியேறிகளைப் பற்றிய கிண்டல். பாட்டுக்கு இசை ஹாரிகனின் மாமனாராகப் போகிற டேவிட் பிரஹாம். துண்டு நீண்டு நீண்டு 1879-ல் முழுநீள நாடகமாகியது. மன்னர்களும் மந்திரவாதிகளும் நிறைந்திருந்த பாட்டு மேடையில் கசாப்புக் கடை ஜெர்மன்காரரும் வாடகை பாக்கி ஐரிஷ்காரரும் நாயகர்களானது இங்கேதான். அதில் ஒரு காட்சி: ஐரிஷ் சங்கமும் கறுப்பினச் சங்கமும் ஒரே மண்டபத்தை ஒரே இரவு நடன விருந்துக்குப் பிடித்துவிடுகின்றன. சமரசமாகக் கறுப்பினத்தாரை மாடிக்கு அனுப்புகிறார்கள். மேலே ஆட்டம் சூடு பிடிக்க, கூரை உடைந்து அத்தனை பேரும் கீழே ஆடிக்கொண்டிருந்த ஐரிஷ்காரர்கள் தலையில் வந்து விழுகிறார்கள். விழுந்தவர்களாக நடித்ததும் கரி பூசிய வெள்ளையர்கள்தான்.

வாட்வில் குடும்பத்தில் பிறந்து, தொட்டில் பருவத்திலிருந்தே மேடையில் வளர்ந்த ஜார்ஜ் எம். கோஹன், ஹாரிகனின் தெருவையும் வாட்வில்லின் வேகத்தையும் சேர்த்து 1904-ல் ‘லிட்டில் ஜானி ஜோன்ஸ்’ போட்டார். நியூயார்க்கில் முதல் சுற்று 52 காட்சிகள்தான். ஆனால் வியன்னா பாணிப் பாட்டு நாடகங்களில் வரும் அரசகுமாரர்களின் இழுவைப் பேச்சு பழசாகத் தோன்றும்படி, ஒரு குதிரை ஜாக்கி சாதாரண அமெரிக்கக் கொச்சையில் படபடவென்று பேசிப் பாடினார்.

கறுப்பினத்தார் நிஜமாகவே அந்த மாடியிலிருந்து இறங்கி வந்தது 1903 பிப்ரவரி 18-ல். ‘இன் டஹோமி’, முழுக்கக் கறுப்பினக் கலைஞர்கள் எழுதி நடித்து, பிராட்வேயின் பெரிய அரங்கு ஒன்றில் ஏறிய முதல் முழுநீள மியூசிகல். இசை வில் மரியன் குக். பெர்லினில் வயலின் படித்தவர், நியூயார்க்கில் செக் இசையமைப்பாளர் ட்வோர்ஷாக் தலைமையேற்றிருந்த இசைப் பள்ளியில் பயின்றவர். பாடல்களில் கறுப்பினக் கவிஞர் பால் லாரன்ஸ் டன்பாரின் கையும் உண்டு. மேடையில் பெர்ட் வில்லியம்ஸ், ஜார்ஜ் வாக்கர் ஜோடி. பார்க்க வந்த கறுப்பின ரசிகர்களுக்கு இடம் மேல்மாடத்தில். அதே வருஷம் குழு லண்டன் போய், பக்கிங்ஹாம் அரண்மனையில் அரச குடும்பத்துக்கு முன்னால் ஆடியது.

பஹாமாஸில் பிறந்த வில்லியம்ஸ் வெளிர் நிறக்காரர். மேடையில் கடைசிவரை கரி பூசினார். 1910-ல் பிராட்வே தயாரிப்பாளர் சீக்ஃபெல்ட் தன் ‘ஃபாலீஸ்’ ஷோவில் வெள்ளை நட்சத்திரங்களுக்கு நடுவே அவரைச் சேர்த்தபோதும் கரி கலையவில்லை. 1916-ல் எடுத்த ஒரு மௌனப் படம் இன்றும் பார்க்கக் கிடைக்கிறது. சிறை அறையில் தனியாக உட்கார்ந்து இல்லாத ஆட்களோடு போக்கர் ஆடுகிறார். இல்லாத சீட்டை இல்லாத பேர்களுக்குப் பங்கு போடுகிறார். தன் சீட்டைப் பிரித்துப் பார்க்கும்போது கண்ணில் ஒரு பேராசை, மற்றவர்களை ஓரக்கண்ணால் அளக்கிறார், பந்தயத்தைக் கூட்டுகிறார், கடைசியில் தோற்கிறார். கற்பனை ஆட்டம், சீட்டுப் போட்டதும் அவரே, அதிலும் தோல்வி. இவ்வளவையும் முகமும் விரல்களும் சொல்லிவிடுகின்றன. அந்த மேல்பூச்சுக்குக் கீழே நடப்பதைப் பார்க்கப் பார்க்கச் சிரிப்பு வருகிறது, பிறகு சிரித்ததற்குச் சங்கடமாகவும் இருக்கிறது.

1921-ல் கறுப்பினக் கலைஞர்களே எழுதி நடித்த ‘ஷஃபிள் அலாங்’ 504 காட்சிகள் ஓடி, ஜாஸ் தாளத்தை மியூசிகலின் காலுக்குள் புகுத்தியது. அதிலும் நகைச்சுவை ஜோடியான மில்லரும் லைல்ஸும் கரி முகத்தோடுதான் வந்தார்கள்.

கதையும் பாட்டும் ஒட்டிப்போன நவீன மியூசிகலின் தொடக்கம் என்று 1927 டிசம்பர் 27-ல் அரங்கேறிய ‘ஷோ போட்’டைச் சொல்வது வழக்கம். நதியில் மிதக்கும் நாடகக் கப்பல் ஒன்றின் கதை. நிறவெறியை நேராகப் பேசியது. எழுதியவர் இரண்டாம் ஆஸ்கர் ஹாமர்ஸ்டைன். அவருடைய தாத்தா, அதே பெயர்க்காரர், ஆட்டமும் தெரியாத பாட்டும் தெரியாத செர்ரி சகோதரிகளை 1896-ல் நியூயார்க் மேடையில் ஏற்றி, ஜனங்கள் வந்து கூச்சல் போட்டு மகிழ வழிசெய்த அரங்க முதலாளி. அப்பா வில்லி, விக்டோரியா என்ற புகழ்பெற்ற வாட்வில் அரங்கை நடத்தியவர். ஆக, துண்டு துண்டான மேடையைத் தைத்து முழுத் துணியாக்கியவர் அந்தத் துண்டுகளின் நடுவிலேயே வளர்ந்த பிள்ளை. நிறவெறியைப் பேசிய அந்த முதல் தயாரிப்பில் குவீனி என்ற கறுப்பினச் சமையல்காரியாக நடித்தவர் டெஸ் கார்டெல்லா, கரி பூசிய இத்தாலிய வம்சாவளிப் பெண்.

பேசும் படமும் வானொலியும் சேர்ந்து வாட்வில்லை முடித்துவைத்தன. அதன் தலைமைக் கோயில் போலிருந்த பிராட்வேயின் பேலஸ் அரங்கு 1932 நவம்பரில் முழு வாட்வில் நிகழ்ச்சிகளை நிறுத்தியது. மின்ஸ்ட்ரல் ஷோ அதற்கு வெகு முன்பே பெரிய ஊர்களிலிருந்து வற்றிப்போயிருந்தது.

நாற்காலிகள் மட்டும் ஒருமுறை திரும்பி வந்தன. 1931-ல் அலபாமாவில் பொய்க் குற்றச்சாட்டில் சிறைப்பட்ட ஒன்பது கறுப்பின இளைஞர்களின் வழக்கை, இசையமைப்பாளர் கேண்டரும் பாடலாசிரியர் எப்பும் மின்ஸ்ட்ரல் ஷோ வடிவத்திலேயே மியூசிகலாக்கினார்கள். ‘தி ஸ்காட்ஸ்பரோ பாய்ஸ்’, 2010-ல் பிராட்வே வந்தது. நடுவில் ஒரு வெள்ளை நடுவர், ஓரங்களில் டாம்போ, போன்ஸ். இந்த முறை அவர்கள் கறுப்பின நடிகர்கள், வெள்ளை போலீஸ்காரர்களையும் வக்கீல்களையும் கிண்டலாக நடித்துக்காட்டுகிறார்கள். அரைவட்ட நாற்காலிகளே ரயில் பெட்டியாகின்றன, சிறையாகின்றன. மின்ஸ்ட்ரல் வடிவம் மேடைக்குத் திரும்புவதே அவமானம் என்று அரங்கின் வாசலில் சிலர் போராட்டம் நடத்தினார்கள். உள்ளே, கடைசியில், நடிகர்கள் முகத்திலிருந்த கரியைத் துடைத்துவிட்டு, நடுவரின் சொல்லைக் கேட்காமல் மேடையை விட்டு இறங்கிப் போகிறார்கள்.